பாறையின் அடிப்பக்கம்

முன்பாதி கத்திரிப்பூ நிறம்,
பின்பாதி மஞ்சள்.
சேருமிடத்தில் கோடு கிடையாது,
செதில் செதிலாய் ஒன்றுக்குள் ஒன்று
சிந்திக் கிடக்கிறது.
கண் வழியே ஒரு கறுப்புக் கீற்று.
முதுகுத் துடுப்பில்
மை தெறித்தாற்போல் ஒரு பொட்டு.
என் சுண்டுவிரல் நீளம்.

ராயல் கிராமா என்று பெயர்.
பில்லில் ராயல் கிராம்பு என்று இருந்தது.
பல் ஆஸ்பத்திரிக்குப் பொருத்தம்தான்
என்று சிரித்தார் போஜன் டாக்டர்.
கொளத்தூரில் வாங்கி, கோவை வரை பஸ்ஸில்,
பிறகு தெர்மாகோல் பெட்டியில்
கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் குலுங்கி
கோத்தகிரி.
கடல்மட்டத்துக்கும் கீழே வாழ வேண்டியது
ஆறாயிரம் அடி உயரத்தில்
எங்கள் முன்னறையில்.

உப்புக் கலப்பது, சூடு பார்ப்பது எல்லாம்
அப்பாயின்மென்ட் எழுதுகிற என் வேலையோடு
சேர்ந்துகொண்டது.
சம்பளத்தோடு சேரவில்லை.

மிதந்து வருவதைத்தான் தின்னும்.
மணலில் விழுந்ததை ஏறிட்டும் பார்க்காது.
இரவானால் ஒரே பொந்து,
அதே பொந்து.

பாறை விளிம்புக்கு அடியில் போனால்
வயிற்றைப் பாறைக்குக் காட்டி
தலைகீழாய் உலாத்தும்.
வெளியே வந்ததும் நிமிர்ந்துகொள்ளும்.
எது பக்கத்தில் இருக்கிறதோ
அதுதான் அதற்குத் தரை.

வருகிற ஒவ்வொருவரும்
என் மேஜைக்கு எழுந்து வந்து சொல்வார்கள்:
"மேடம், மீன் செத்துக்கிட்டிருக்கு."
தாடை வீங்கிய எஸ்டேட் டிரைவர்
பேச முடியாமல்
உள்ளங்கையை மல்லாத்திக் காட்டினார்.
கட்டபெட்டுக்காரர் ஒருவர்
பல் பிடுங்கின பஞ்சைக் கடித்தபடியே
கண்ணாடியைத் தட்டி எழுப்பப் பார்த்தார்.
இல்லைங்க, அது அப்படித்தான்.
இல்லைங்க, அது அப்படித்தான்.
ஒரு நாளைக்கு எட்டுத் தடவை.

முன்னறை காலியான மதியங்களில்
வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை
தொட்டியில் வைத்துக் காட்டுவேன்.
பொந்திலிருந்து பாய்ந்து வரும்.
எதிரில் தன்னைப் போல ஒருத்தன்.
திறக்கும் பாருங்கள் வாயை,
தலையைவிடப் பெரிதாய்,
தொண்டைக்குழி தெரிய.
கடிக்காது. திறந்து காட்டும், அவ்வளவே.
சண்டை அதோடு முடிந்தது.
உள்ளே டாக்டர் யாரிடமோ
இன்னும் கொஞ்சம் திறங்க, இன்னும் கொஞ்சம் என்று
கெஞ்சிக்கொண்டிருப்பார்.

ஜனவரியில் ஒரு ராத்திரி கரண்ட் போயிற்று.
புல்லில் உறைபனி.
இன்வெர்ட்டர் இரண்டு மணி நேரம் தாங்கியது.
பின்கட்டில் குடியிருப்பவள் நான்தானே.
வெந்நீர் வைத்து, சலைன் பாட்டில்களில் அடைத்து
தொட்டியில் மிதக்கவிட்டேன்.
எக்ஸ்ரேக்குப் போர்த்துகிற ஈய அங்கியைத்
தொட்டிக்குப் போர்த்தினேன்.
இருபத்தொன்று. இருபது. மறுபடி இருபத்தொன்று.
காற்றுக்காக விடியும்வரை
குவளையில் மொண்டு மொண்டு ஊற்றினேன்.

காலையில் மீனைக் காணோம்.
குதித்திருந்தால் கருவாடாய்க் கிடக்குமே என்று
தரையெல்லாம் தேடினேன்.
சோபாவுக்கு அடியில் ஒரு தங்கப்பல் உறை கிடைத்தது,
யாருடையதோ.
டாக்டரிடம் சொல்லவில்லை.
கேட்டவர்களிடம் தூங்குது என்றேன்.

நான்காம் நாள் என் கடைவாய்ப்பல் முறை.
நாற்காலியைச் சாய்த்து, கால் மேலே தலை கீழே வைத்து,
ஊசி போட்டுவிட்டு
மரக்கட்டும் என்று கைகழுவப் போனார் டாக்டர்.
தலைமாட்டில் கதவு திறந்திருந்தது.
கழுத்தை இன்னும் கொஞ்சம் பின்னால் தொங்கவிட்டேன்.
மேலே மணல். கீழே குழல்விளக்கு.
பாறை விளிம்பில்
மஞ்சள் வால் முதலில்,
பிறகு கத்திரிப்பூத் தலை.

எவ்வளவு நேராக நீந்துகிறது!

முன்னறையில் ஒரு பெண் எழுந்து
ஆளில்லாத என் மேஜையிடம்
"மேடம், மீன்..." என்கிறாள்.
சொல்ல நாக்குப் புரளவில்லை.
பாதி முகம் மரத்திருந்தது.
மற்ற பாதியால் சிரித்தேன்.