துண்டு போட்ட இருக்கைகள்

ஐப்பசி ஈரத்தில் மூடியைத் திறந்தாலே
புகைகிறது சிர்கோனியம் குளோரைடு.
மூன்று கிராமுக்கு இரண்டு ஜோடி கையுறை, ஒரு தும்மல்.
மன்னார்குடிக் கல்லூரியின் பின்கட்டில்
அடுப்பு நூற்றிருபதில் நிற்கும்,
மின்சாரம் இருக்கும்வரை.

முதல் படிகங்கள் அழகாக வந்தன.
எட்டு முகம், கூர்முனை.
திருச்சியில் எடுத்த நுண்ணோக்கிப் படத்தை
ஜபருல்லா போன் முகப்பில் வைத்துக்கொண்டான்.
அழகுதான். வேலைக்கு ஆகவில்லை.
பூச்சிமருந்துக் கரைசலில் போட்டால்
மருந்து உடைந்து மஞ்சள் பூக்க வேண்டும்.
சாயங்காலம்வரை பச்சைத் தண்ணீராகவே இருந்தது.

காரணம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை,
தலைஞாயிற்றிலிருந்து பஸ்ஸில் வருகிறவள் நான்.
மேட்டூர் திறந்த செய்தி பேப்பரில் வந்து
பதினெட்டு நாள் கழித்துத்தான்
எங்கள் வாய்க்காலில் தவளை நனையும்.
படிகத்துக்குள்ளும் அதே கதை.
ஓரத்துத் துளைகளுக்கு வயிறு முட்ட,
நடுவில் கோடி உலோக முடிச்சுகள்
தரிசாகக் கிடக்கின்றன.
'கடைமடையைக் கிட்டே கொண்டு வா' என்று
நோட்டில் எழுதினேன். கீழே,
'தட்டையாக்கு.'

அசிட்டிக் அமிலத்தைக் கூட்டிக்கொண்டே போனோம்.
அது பெரிய வித்தை எதுவும் செய்வதில்லை.
திருவிழா பஸ்ஸில் ஜன்னல் வழியே
துண்டு வீசி இடம் பிடிக்கும், அவ்வளவுதான்.
இணைப்பு மூலக்கூறு ஏறி வந்தால்
இருக்கையில் ஏற்கெனவே துண்டு.
தகராறில் வளர்ச்சி தயங்கும்,
ஒரு முகம் நீளும், ஒரு முகம் நிற்கும்.
பத்து பங்குக்கு மொத்தை.
முப்பதுக்கு மூலை மழுங்கல்.
எழுபதுக்கு நொய்க்கஞ்சி.
ஐம்பத்தைந்தில், பதினோராவது முறை,
அப்பளம் போல மெலிந்த தகடுகள்.

துண்டு போட்டவர்களில் சிலர்
வண்டி ஏறுவதே இல்லை.
அந்தக் காலி இடங்கள்தான் எனக்கு வேண்டும்.
சூடான அமிலத்தில் கழுவினால் துண்டு போய்விடும்,
உலோகம் வெறுங்கையோடு காத்திருக்கும்.

நான்கு நிமிடம்.
மஞ்சள்.
ஜபருல்லா விசிலடித்ததில்
இயற்பியல் துறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் எங்கள் வாய்க்காலில்
ஒரு பாட்டில் மொண்டு வந்து
அதே மருந்து, அதே தூள்.
மஞ்சள் வரவில்லை.
மத்தியானம்வரை வரவில்லை.
சம்பாவுக்குப் போட்ட டி.ஏ.பி.யின் பாஸ்பேட்
எல்லா இருக்கையிலும்
சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.
கண்டக்டர் வந்தாலும் எழாது.

அவன் புதிய குடுவைக்கு
எண் ஒட்டிக்கொண்டிருக்கிறான்: பன்னிரண்டு.
இந்த முறை வாசலைச் சிறிதாக்க வேண்டும்,
யாரை உள்ளே விடுவது என்று முதலிலேயே யோசித்து.
நான் மூடியைத் திறக்கிறேன்.
புகைகிறது.
மின்விசிறி நின்றுவிட்டது.