சாலையில் உப்பு

லிங்கராஜபுரம் மேம்பாலம் இறங்கினால்
ஆபீஸ் வாசல் வரை முப்பத்தேழு.
எண்ணியிருக்கிறேன்.
அதில் நான்குக்கு மட்டும் மஞ்சள் பலகை:
ரஸ்தெ உப்பு.
வந்த புதிதில், சாலைக்கு எதற்கு உப்பு என்று
ஒரு வாரம் யோசித்தேன்.
கன்னடத்தில் அது மேடு.
நமக்கும் தெரிந்த சொல்தான்,
வயிறு உப்பிக்கொள்ளும்போது.

பதினோரு வயது ஹேட்ச்பேக்.
வளைவில் அது சாயும்
பஸ்ஸில் தூங்குகிறவன் பக்கத்துத் தோளில் சாய்வதுபோல்,
மெதுவாக, முழு நம்பிக்கையோடு.
எனக்குப் பொறுக்கவில்லை.

போனஸில் நாற்பத்திரண்டாயிரம் ஒதுக்கிவைத்து
மூன்று மாதம் படித்தேன்.
நாற்பது மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங்,
திருகித் திருகி உயரம் மாற்றும் காயிலோவர்,
இறுக்கம், இன்னும் இறுக்கம்.
ராத்திரி ஜெனிட்டா முட்டை வெள்ளையை அடித்துக்கொண்டிருக்க
பக்கத்தில் நான்
கால்குலேட்டரில் எண்களை அடித்துக்கொண்டிருந்தேன்.

டேனரி ரோட்டில் முக்தார் பாய் ஷெட்.
என் பட்டியலை வாங்கவே இல்லை.
காரின் மூக்கை இரண்டு கையால் அழுத்தி
சட்டென்று விட்டார்.
ஒன்று, இரண்டு,
மூன்றாவது தடவையும் ஆடி நின்றது.
"ஷாக் செத்து நாளாச்சு சார்.
ஸ்பிரிங் மட்டும் தனியா ஆடிட்டிருக்கு."
பிறகு கேட்டார்,
"பின் சீட்ல யாரு வருவாங்க?"

கேக், என்றேன்.

சிரிக்கவில்லை.
"எத்தனை கிலோ?"

சனிக்கிழமைதோறும் மூன்றடுக்கு,
ஏதாவது ஒரு கல்யாண ஹாலுக்கு.
நான் ஓட்டுவேன்,
அவள் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு.
மேடு வந்தால் "மெல்ல" என்பாள்,
வளைவு வந்தால் என் பெயரைச் சொல்வாள்.
மேட்டில் விரிசல் விடுவது வேறு,
வளைவில் சரிவது வேறு என்று
நான் படித்துத் தெரிந்துகொண்டதை
அவள் மடியில் வைத்தே தெரிந்திருக்கிறாள்.
ஹெண்ணூர் திருப்பத்தில் ஒருமுறை
சர்க்கரை மாப்பிள்ளை
சர்க்கரைப் பெண்ணை விட்டு
இரண்டு அங்குலம் நகர்ந்துவிட்டான்.
வெந்நீரில் கத்தியை நனைத்து
ஹால் வாசலிலேயே சேர்த்துவைத்தாள்.

இறக்கவில்லை.
உயரம் கம்பெனி உயரமே இருக்கட்டும் என்றேன்,
சொல்லும்போது கொஞ்சம் வலித்தது.
கேஸ் நிரப்பிய ஷாக் நான்கு.
கந்தலாகிக் கிடந்த ரப்பர் புஷ் எல்லாம் புதிது.
பின்னால் தடிமனாய் ஒரு ஆன்ட்டி ரோல் கம்பி.
மாட்டும் முன் பாய் நிறுத்தினார்.
"ஒண்ணு யோசிச்சுக்கோங்க.
இடது சக்கரம் குழில விழுந்தா
இந்தக் கம்பி
வலது சக்கரத்துக்கும் போய்ச் சொல்லிடும்."
சொல்லட்டும்.

மிச்சம் ஏழாயிரத்தில் ஜெனிட்டா
கேக் வைத்துச் சுற்றும் மேடை வாங்கினாள்,
பேரிங் நல்ல பேரிங்.
இறக்கிய காரின் படம்
இன்னும் என் போனில் இருக்கிறது.
அழகாகத்தான் இருக்கிறது.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு நந்தி மலை,
பனி, நான் மட்டும்.
மூன்றாவது கொண்டை ஊசியில்
கார் சாயப் போய்,
வேண்டாம் என்று நிமிர்ந்துகொண்டது.
கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தேன்.
பெட்டி இல்லை, ஒன்றும் இல்லை.
இருந்தும் கை
ஸ்டீயரிங்கைத் திருப்பிய விதம்,
நுரை உடையாமல்
அவள் மாவில் கரண்டியைத் திருப்புகிற விதம்.
வேகம் எவ்வளவு என்று பார்க்க மறந்துவிட்டேன்.
யாரும் என் பெயரைச் சொல்லவில்லை.

திரும்பி வந்தால்
எங்கள் தெரு முனையில், மருந்துக் கடைக்கு முன்னால்,
முப்பத்தெட்டாவது.
நேற்று இல்லை அது.
தார் இன்னும் மினுங்குகிறது,
பலகை கிடையாது.