கூடு கிடையாது

ஒன்றாம் தேதி காலையில் ஷட்டர் ஏறியதும்
மேனேஜர் என் கவுண்டருக்கு அடியில் குனிந்து
மிச்சமிருந்த கட்டை உருவிக்கொண்டு போனார்.
சட்டம் எப்போதோ வந்துவிட்டது,
எங்கள் கடைக்குத்தான் மெதுவாக வந்து சேர்ந்தது.
ஆறு வருடம் முழங்காலில் உரசிக் கிடந்த கட்டு.
கால் நீட்ட இடம் கிடைத்ததே என்றுதான்
முதலில் தோன்றியது எனக்கு.

கருங்கல் பக்கம் அதற்குக் கூடு என்று பேர்.
"ஒரு கூடு தா பிள்ளே."
ஒன்று கேட்டு இரண்டு வாங்குவார்கள்,
சாளை வாங்கப் போகிறோம், ரொட்டி நாறிப்போகும் என்று.
ஈரப் பஞ்சில் விரலை ஒற்றி, உரசி, உதறி,
ஒரு நாளைக்கு நானூறு வாய் திறந்திருப்பேன்.

இப்போது ஒரே வாக்கியம்தான்:
"கூடு கிடையாது, துணிப்பை பன்னிரண்டு ரூபாய்."
பன்னிரண்டா என்று அதிர்ந்தவர்
ஆயிரத்து எண்ணூறுக்குச் சாமான் வாங்கியிருந்தார்.
சட்டைப் பையில் சீரகம், கக்கத்தில் எண்ணெய்,
ஹெல்மெட்டுக்குள் முட்டையை அடுக்கிக்கொண்டு
வெறுந்தலையோடு பைக் ஏறினார்.
எது உடையக் கூடாது என்பதில்
அவருக்குத் தெளிவு இருந்தது.

சீட்டு பிடிக்கும் ஏசுவடியான்
புதன்கிழமைதோறும் கடை அடைக்கும் நேரத்துக்கு வருவார்.
ஊரில் யார் வீட்டுத் தவணை எத்தனை நாள் தள்ளிப்போனது
என்று சந்தையில் நின்று சத்தமாகச் சொல்லுகிறவர்
என் முன்னால் வாயே திறக்கமாட்டார்.
பெரியவர்களுக்கான டயாபர், பத்து எண்ணம்.
நான் பழைய தாளில் சுற்றி
ஒரு கூட்டில் இட்டு, அதை இன்னொரு கூட்டில் இட்டு,
முடிச்சுப் போட்டு நீட்டுவேன்.
இரண்டு வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்டது
அந்த முடிச்சு மட்டும்தான்.

அந்தப் புதன்கிழமை அவர் கையை நீட்டினார்.
நான் சொன்னேன், அதே வாக்கியத்தை.
துணிப்பை இருந்தது, ஆனால் சிறியது,
பாக்கெட் பாதிதான் இறங்கியது.
மேலே தெரிந்த பாதியில்
ஒரு நரைத்த தம்பதி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.
பையைத் திருப்பித் தந்துவிட்டு
பாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
பஸ் ஸ்டாண்ட் வெளிச்சத்துக்குள் இறங்கினார்.

பழக்கடைக்காரன் கேட்டது என் காதில் விழுந்தது:
"இது ஆருக்காக்கும்?"
"எனக்க வீட்டுக்காரிக்கு."
அவ்வளவுதான்.
மட்டிக்குலையின் கயிற்றைச் சும்மா இழுத்து இறுக்கினான்
அவன்.

மறுநாள் செல்லபாய் டீச்சர் வந்தார்,
உப்பு ஒரு பாக்கெட் எடுத்துக்கொண்டு.
பில் போட்டேன், நகரவில்லை.
பின்னால் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டுக் கேட்டார்:
"நேத்து அவரு கொண்டு போனாருல்லா,
அது எந்த அளவு?"

எனக்குத் தெரியும், சொல்லவில்லை,
அவர்கள் தெருவில் மட்டும் மூன்று வீடு.
ஒவ்வொரு வீட்டுக்கும் நான்தான் சுற்றிக் கொடுத்தேன்.
ஒருவர் கூட்டை ஒருவர் கடந்து போயிருப்பார்கள்,
உள்ளே கோதுமை மாவு என்று நினைத்துக்கொண்டு.
"எல்" என்றேன். "ஒல்லியானவங்களுக்கு எம் போதும்."

இப்போது பலரும் பையோடுதான் வருகிறார்கள்.
கல்யாண வீட்டில் கொடுத்தது, மாப்பிள்ளை பேர் அச்சடித்தது,
உரச்சாக்கு, ஒருத்தி பிள்ளையின் ஸ்கூல் பேக்.
மழைக்கு என் செல்போனைச் சுற்ற ஒன்றுமில்லை.
வீட்டில் கட்டிலுக்கு அடியில்
ஒரு கூட்டுக்குள் அறுபது கூடு இருக்கிறது,
அதை எடுக்க மனம் வரவில்லை, மேனேஜருக்கும் சொல்லவில்லை.

நாப்கினுக்கு மட்டும் தாள் சுற்றுவது தொடர்கிறது.
யாரும் கேட்பதில்லை, கை தானே போகிறது.
மாதத்தில் ஒரு நாள்
எனக்கு நானே பில் போட்டு
தாளில் சுற்றி
மூலையை உள்ளே மடக்கி
எனக்கே எடுத்துக் கொடுக்கிறேன்.