எண் ஆயிரத்து நானூற்றுப் பதின்மூன்று

கோர்ட்டு ஆணையில் எல்லோருக்கும் பெயர் இருந்தது,
தகப்பன் பெயரும் இருந்தது.
எனக்கு மட்டும் "பூட்டுத் திறப்பவர், ஒருவர்."

கம்பாத்தில் கடல் பின்வாங்கி வெகுகாலம்.
உப்புக்காற்று மட்டும் போக மறுக்கிறது.
மூஸன் ஷா தர்காவின் பின்கட்டில் அந்த அறை,
அதன் கதவில் மூன்று பூட்டு,
மூன்று பங்காளிக்கு மூன்று சாவி.
ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்கக்கூடாதென்று
முன்னோர் ஒருவர் செய்துவைத்த ஏற்பாடு.
அவருக்கு மனிதர்களை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்,
அல்லது கொஞ்சமும் தெரியாது.

பத்தொன்பது வருஷ வழக்கு.
முதல் சாவி கமாலுத்தீன் பாவாவின் அங்கிப்பையில்.
இரண்டாவது அவர் சித்தப்பா மகன் நுஸ்ரத் மியானிடம்.
உர்ஸ் அன்று இருவரும்
ஒரே சந்தனக் கிண்ணத்தில் விரல் தொடுவார்கள்,
கிண்ணத்தை மட்டும் பார்த்தபடி.
மூன்றாவது, தார் எஸ் சலாமில்
ஒரு மரக்கடையின் கல்லாப்பெட்டியில் இருந்தது,
கடை எரிந்துபோகும் வரைக்கும்.
அதனால்தான் நான்.

பித்தளை. உள்ளே நாலு நெம்பு.
அவசரமில்லாதவன் செய்த பூட்டு,
உடைக்க மனம் வரவில்லை.
அமீனா ஜயந்திலால் பரோட் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.
பங்காளிகள் ஆளுக்கொரு தூணுக்குப் பின்னால்.
முக்கால் மணி கழித்து
தொண்டையைச் செருமிக்கொண்டு திறந்தது.

செல்லரித்த வாடைக்குப் பயந்து
கைக்குட்டையால் மூக்கைக் கட்டியிருந்தோம்.
வந்தது வேப்பிலை வாசம்.

சிவப்புத் துணியில் கட்டிக்கட்டி அடுக்கியிருந்தார்கள்.
பார்சி, அரபி. எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது.
முதல் ஏட்டில் எல்லாவற்றிலும் ஒரே சொல்.
"யா கபீகஜ்" என்றார் நுஸ்ரத் மியான்,
"பூச்சிகளுக்கு ராஜா. பெயரைப் பார்த்தால் அண்டாது."
"ராஜா இல்லை, செடி"
என்றது அடுத்த தூண், யாருக்கென்று இல்லாமல்.
பத்தொன்பது வருஷத்தில்
அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

பட்டியலில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
அமீனா எண்ணினார். மறுபடி எண்ணினார்.
ஒன்று அதிகம்.
குறைந்தால் எழுத அரசாங்கப் படிவம் உண்டு,
கூடினால் எழுத ஒன்றுமில்லை.

அது பள்ளிக்கூட நோட்டு. எண்பது பக்கம்.
பீடிபோல் இறுகச் சுருட்டி
கல்சன்னலின் அடியில், இடுப்புயரச் சருகுக்குள் கிடந்தது.
சன்னலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் நேர்ந்துகொள்ளும் இடம்.
வெளியே அவர்கள் கட்டிய நூல்,
உள்ளே இவர்கள் கட்டிய நூல்,
நடுவே கட்டைவிரல் நுழையும் துளைகள்.

நோட்டு குஜராத்தியில் இருந்தது.
அந்த அறையில் நான் படிக்க முடிந்த ஒரே புத்தகம்.

வியாழன். வேப்பிலை இரண்டு பிடி.
வியாழன். வேப்பிலை. கிராம்பு எட்டு, விலை ஏறிவிட்டது.
வியாழன் ஊரடங்கு. சனியன்று போட்டேன், பொறுத்துக்கொள்ளவும்.
வியாழன். சாரல் உள்ளே அடிக்கிறது. முந்தானையைக் கிழித்துத் துளை அடைத்தேன்.
வியாழன். கை தூக்க முடியவில்லை. மூன்று இலை.
வியாழன். வேப்பிலை.
வியாழன். வேப்பிலை.
வியாழன். உள்ளே எல்லோரும் நலமா?

கடைசி வரி: நோட்டு தீர்ந்தது. வேறு வாங்க வேண்டும்.

பெயர் எங்கும் இல்லை.
நான் சத்தமாகப் படித்திருக்கிறேன், அப்போதுதான் தெரிந்தது.
தூண்கள் இரண்டும் காலியாக இருந்தன.
என் இரு தோளுக்கு மேலும் இரண்டு மூச்சு.

சமாதானம் ஆனார்கள் என்று சொல்லமாட்டேன்.
மேல்முறையீடு அகமதாபாத்தில் நடக்கிறது.
அமீனா எழுதினார்: எண் 1413. மொழி குஜராத்தி.
பொருள் என்ற கட்டத்தில் "பூச்சி" என்று எழுதி அடித்தார்.
எழுதியவர் கட்டத்தில் பேனாவை ஊன்றி வெகுநேரம் இருந்தார்,
மசி பரவிப் பொட்டு விழுந்தது. அதை அப்படியே விட்டார்.

என் கூலி முந்நூற்றைம்பது, இன்னும் வரவில்லை.
கதவில் இப்போது கோர்ட்டுப் பூட்டு. மலிவு சரக்கு,
ஒரு கொண்டை ஊசி போதும்.
யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வியாழன் அந்தப் பக்கம் போனேன்.
பெண்கள் பகுதிக்குள் ஆண்கள் போகக்கூடாது,
தெருவில் நின்றே எட்டிப் பார்த்தேன்.
சிவப்பும் மஞ்சளுமாய் நூல்களுக்கிடையே
பாதி நுழைந்து நின்ற ஒரு கொத்து,
கிள்ளிய காம்பு
ஈரம் காயாமல்.