பஷந்தி உள்ளே வந்த நாள்

லக்ஸரிலிருந்து காலை ஆறு மணி வண்டி.
என் தொண்டை முந்தின இரவே பூட்டிக்கொண்டது.
சோம்பு வெந்நீர், உப்பு, எலுமிச்சை,
மருந்துக்கடைக்காரர் தந்த வெள்ளை வில்லை,
எதற்கும் திறக்கவில்லை.
பயணிகள் ஆறு பேர்:
போலந்துத் தம்பதி, பிரேசில் ஆசிரியைகள் மூவர்,
தனியாக வந்த செர்பியப் பல் மருத்துவர்.
அவர்தான் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.
"இன்று பேசினால் நாளையும் போய்விடும்" என்றார்.

ஒலிவாங்கியை ஓட்டுநரிடம் நீட்டினேன்.

பதினேழு வருடமாக
என் முதுகுக்குப் பின்னால் ஸ்டீயரிங் பிடித்தவர் பஷந்தி.
அவருடைய முழங்கால் வலி எனக்குத் தெரியும்,
மகள் கணக்கில் இரண்டு முறை தோற்றது தெரியும்.
எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது தெரியாது.

கரும்பு ஏற்றிய குட்டி ரயிலுக்கு வழிவிட்டபடி
தாலமிகள் கதையைத் தொடங்கினார்.
நான் சிரிக்கவைக்கும் இடத்தில்
அதே இடைவெளி விட்டார்.
நான் இருமும் இடத்தில் இருமினார்.
ஒரு ராணியின் பெயரை நான் சொல்வதுபோலவே சொன்னார்;
அது தவறு என்று
எனக்கு அப்போதுதான் கேட்டது.

தெந்தேரா.
வேலமர நிழலில் வண்டி நின்றது.
இங்கே அவர் கண்ணாடி துடைப்பார்,
மற்ற ஓட்டுநர்களோடு தேநீர் குடிப்பார்,
பின் இருக்கையில் ஒரு தூக்கம்.
நான் கையை ஆட்டினேன், வாருங்கள் என்று.
தனக்குப் பின்னால் நிற்கும் யாரையோ கூப்பிடுகிறேன்
என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்.

வாசலில் காவலர் ஹக்காக் சிரித்தார்:
"என்ன பஷந்தி, வழி தப்பிட்டியா?"

வார்த்தைகள் அவரிடம் இருந்தன, சுவர்கள் என்னிடம்.
நான் கைவிளக்கால் காட்டினேன், அவர் சொன்னார்.
தூண்கள் இருபத்து நான்கு என்றார்.
சொல்லிவிட்டு விரலை மடக்கி மடக்கி எண்ணினார்.
சரியாக இருந்ததில் அவருக்கே ஆச்சரியம்.
தூண்களின் தலையில் பசுக்காது கொண்ட ஹத்தோர்;
எந்தக் காலத்திலோ யாரோ ஏணி போட்டு ஏறி
முகத்தை மட்டும் கொத்திச் சிதைத்திருக்கிறார்கள்.
"காதை விட்டுட்டாங்க" என்றார் பஷந்தி.
என் உரையில் இல்லாத வரி அது.

பிறகு விளக்கை மேலே திருப்பினேன்.

பல நூறு வருடப் புகைக்கரியைத்
துடைத்தெடுத்த கூரை.
அதன் நீளத்துக்கும் நூத், உடம்பே வானமானவள்,
மாலையில் சூரியனை விழுங்கி
விடியலில் பெற்றெடுக்கிறவள்.
வண்டியில் ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பார்.
வாய் திறந்தே இருந்தது, சொல் வரவில்லை.
ஆசிரியைகள் காத்திருந்தார்கள்.
பல் மருத்துவர் மெல்லச் செருமினார்.
ஒரு புறா உள்ளே வந்து, சுற்றி, வெளியே போயிற்று.
அப்புறம் அரபியில், என்னிடம் மட்டும்:
"நீலம்னு நீங்க சொன்னதே இல்லையே, தெமியானா."

சொல்லியிருக்கிறேன்.
ஒவ்வொரு முறையும்.
உள்ளே வந்த பிறகு.

அபைதோஸில் நான் கையாட்டவில்லை.
அவரே வண்டியைப் பூட்டிவிட்டு வரிசையில் நின்றார்.
வாசல்காவலன் ஹக்காக்கின் மச்சான்தான்,
சும்மாவே விட்டிருப்பான்.
ஆனாலும் உள்ளூர்க்காரருக்கான மலிவுச் சீட்டு ஒன்று வாங்கி
நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
உள்ளே ஒன்றும் விளக்கவில்லை.
யாரும் கேட்கவுமில்லை.
ஒரு சுவரின் முன் குந்தி உட்கார்ந்து,
கல்லில் செதுக்கிய கணுக்கால் ஒன்றை,
விரல் படாமல்,
காற்றிலேயே தடவிக்கொண்டிருந்தார்,
முழங்கால் வலியையும் மறந்து.

திரும்பும்போது இருட்டிவிட்டது.
கெனா சோதனைச்சாவடி.
புதிதாக வந்த போலீஸ்காரப் பையன்
ஜன்னலில் குனிந்து வழக்கமான கேள்வியைக் கேட்டான்:
"சுற்றுலாக்காரங்க எத்தனை பேர்?"

"ஏழு" என்றார் பஷந்தி.

அவன் டார்ச் அடித்து எண்ணினான்.
மறுபடி எண்ணினான்.
என் முகத்தைப் பார்த்தான்.
எனக்குத்தான் குரல் இல்லையே.