ஏழாம் எழுத்து

அந்தோஃபகாஸ்தா. பல்கலைக்கழகத்தின் அடித்தளம்.
ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தண்ணீர்க் குழாய்.
வெளியே கடலிலிருந்து ஏறிவரும் கமஞ்சாக்கா பனி
தெருவிளக்குகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருக்கும்;
அவளுக்கு அது தெரியாது.
மில்லராய் ஞாங்குபில் நான்காவது முறையாக
'நிறுவு' என்று தட்டுகிறாள்.

நூலகத்தைக் காணவில்லை என்றது திரை.
தேடிக் கொண்டுவந்து வைத்தாள்.
இது அந்த நூலகம் இல்லை, அதன் தங்கை என்றது.
அக்காளோ பதினொரு வருடமாக யாரும் எட்டிப்பார்க்காத
ஏதோ ஒரு சர்வரில்.
அவளுக்குத் தனியாக ஒரு கம்பைலர் வேண்டும்,
கம்பைலருக்கு இடம் வேண்டும்.
இடத்துக்காகத் தம்பியின் கல்யாண வீடியோவைப்
பென் டிரைவுக்கு மாற்றினாள்.
அம்மா ஆடுவது மட்டுமே மூன்று நிமிடம்.

மலையில் ஆறு இரவு கேட்டாள், இரண்டு கொடுத்தார்கள்.
அந்த இரண்டும் எழுபது கோப்புகளாக இங்கே கிடக்கின்றன.
திறந்தால் சாம்பல்.

குறைத்தல் என்று பெயர் இந்த வேலைக்கு.
மூடிய கண் பார்த்ததை முதலில் கழிக்க வேண்டும்:
ஒளியே படாமல் கருவி தனக்குள் முனகியதை.
பிறகு வெறும் வெள்ளைத் திரையால் வகுக்க வேண்டும்:
கண்ணாடியில் உட்கார்ந்த தூசி, அதில் வளையம் வளையமாக.
தூசியைத் தனியே படமெடுத்து வைத்தவருக்குத்தான்
தூசி போகும்.
இத்தனையும் போக மிஞ்சுவது வானம்.
சில இரவுகளில் அதுவும் மிஞ்சாது.

இரண்டு நாற்பதுக்கு நிறுவி முடிந்தது.
ஓடவிட்டாள். நின்றது.
பாதை செல்லாது: ஏழாம் எழுத்து.
விரல்விட்டு எண்ணினாள்.
சாய்கோடு ஒன்று, வீடு என்பதற்கு நான்கு,
மறுபடி ஒரு சாய்கோடு,
ஏழாவதாக அவளே.

நமக்கு ஞ முழு எழுத்து;
ஞாயிறும் ஞாலமும் அதில்தான் தொடங்குகின்றன.
அங்கே அது ந-வின் தலைக்கு மேல் ஒரு நெளி.
இந்த மென்பொருளை எழுதியவர்கள்
இருபத்தாறு எழுத்துகளோடு வளர்ந்தவர்கள்.
பகை ஒன்றும் கிடையாது. நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மலையில் இரவுப் பணியில் இருந்த கஸ்தோனைக் கூப்பிட்டாள்.
"நெளி இல்லாமல் புதுக் கணக்குத் தொடங்கேன்,
எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்."
"எல்லாரும் என்றால்? இந்த எழுத்தில் தொடங்குகிறவர்
அங்கே எத்தனை பேர்?"
சற்று நேரம் காற்றுச் சத்தம்.
"ஒருத்தரும் இல்லை" என்றான். கொட்டாவி விட்டான்.

தெற்கே, மாப்புசே மொழியில், ஞம்கு என்றால் ஒரு பருந்து.
நெளியை எடுத்துவிட்டால் பறவை போய்
ஓசைதான் மிஞ்சும்.
இந்தக் குறைத்தலை அவள் செய்வதாக இல்லை.

மூல நிரலைத் திறந்தாள்.
நாலாயிரம் வரிகளுக்கு நடுவே யாரோ எழுதிய குறிப்பு:
இங்கே கை வைக்காதே,
இது ஏன் ஓடுகிறதென்று எனக்கே தெரியாது.
கை வைத்தாள். ஒரே வரி.
மீண்டும் கம்பைல் ஆக ஒன்பது நிமிடம்;
அதற்குள் கோப்பையைக் கழுவினாள்,
கழுவியதையே இன்னொரு தடவை கழுவினாள்.

ஓடியது.
முனகல் போயிற்று, வளையங்கள் போயின,
சாம்பலின் ஓரத்தில் ஒரு புள்ளி நின்றது.
முதல் இரவு: பதினான்கு தசம் பூஜ்யம் எட்டு.
இரண்டாம் இரவு: பதினான்கு தசம் மூன்று ஒன்று.
மங்கியிருக்கிறது. அவள் கணக்குப் போட்டதைவிட வேகமாக.
நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு
நின்றபடியே மறுபடி வாசித்தாள்.

அப்புறம் கோப்பின் தலைப்புப் பகுதியைப் பார்த்தாள்,
மலையில் கேமரா எழுதியது.
பார்த்தவர் என்ற இடத்தில்
ஒரு கேள்விக்குறி, அதையடுத்து ஆங்குபில்.
அந்தக் கட்டத்தில் நெளிக்கு இடமே கிடையாது;
உலகம் முழுவதற்கும் ஒரே விதி,
எந்த வரியைத் திருத்தியும் பயனில்லை.

கோப்பை மூடினாள்.
இன்னும் அறுபத்தெட்டு.