காடிப் போத்தல்

குலைகளோடு குலையாய் வந்தது அது.
எடைமேடையில் லாரி ஏறி நின்றபோது
மட்கார்டுக்கு மேலே
எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு பிடி பழுப்பு.
எடைச்சீட்டில் அதற்குக் கட்டமில்லை.
சாப்பாட்டுப் பையில் போட்டு
ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மைலோ என்றான் லுகேந்திரன்.
ஆறு வயது. மேசையில் இருந்த டின்னைப் பார்த்து
வைத்த பெயர்.

முதல் ராத்திரியே
டிவிக்கு முன்னால் ஒன்று
சாமி மேடைக்குக் கீழே ஒன்று
என் பூட்ஸுக்குள் ஒன்று
(குறி பார்த்துப் பெய்ததென்றே
இன்றைக்கும் நம்புகிறேன்).

மூஞ்சியைப் பிடித்து அதிலேயே தேய்,
அப்பதான் புத்தி வரும் என்றான்
பாய்லர்காரன் தங்கையா.
தேய்த்தேன்.
மறுநாளிலிருந்து
அரிசி டிரம்முக்குப் பின்னால்,
சோபாவுக்கு அடியில்,
சாந்தமலர் விட்டுப்போன சேலைப் பெட்டியோரம்.
பெய்யக் கூடாது என்பதை அல்ல,
இவன் கண்ணில் படக் கூடாது என்பதைத்தான்
படித்திருந்தது.

பேப்பர் பரப்பினேன்.
தேர்தல் முடிந்த வாரம்.
வென்றவர் தோற்றவர் எல்லாரும் தரையில்
பல் தெரியச் சிரித்தார்கள்.
மைலோ கட்சி பார்க்கவில்லை.
என் ராசிக்கு
எதிர்பாராத வரவு என்று போட்டிருந்தது.
வந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் காக் ரொஹானா,
கிளினிக்கில் தாதி.
நாயைத் தொடமாட்டார்.
வாசம் போய் அவரைத் தொட்டுவிட்டது போல.
ஒரு சாயங்காலம் கூப்பிட்டார்.
சண்டைக்குத்தான் என்று
சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனேன்.
வேலிக் கட்டையில் ஒரு போத்தல் காடி.
என் பூனைகளுக்காக வாங்கினது,
பாதித் தண்ணீர் கலந்து துடை,
புளீச் ஊற்றாதே, மூச்சு முட்டும்,
வாசம் போகாத இடத்துக்குத்தான்
அது திரும்பத் திரும்ப வரும்.
சொல்லிவிட்டுத் துணி எடுக்கப் போய்விட்டார்.
மூடாத பொத்தானோடு நின்றேன்.

பிறகு ஆறு வாரம்.
தூங்கி எழுந்தால் தூக்கு,
தின்று முடித்தால் தூக்கு,
விளையாடும்போதே திடீரென்று வட்டமடித்து
தரையை மோந்தால், ஐயோ, ஓடு.
பின்கதவு, லோங்காங் ஓரம், அதே இடம்.
விடியக்காலை மூன்று மணிக்கு
ஆலைப் புகை தாமான் கூரைகள் மேல் படுத்திருக்க
கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு
கொசுவுக்கு ஒரு காலைக் கொடுத்தபடி
பெய்டா ராஜா பெய்டா என்று
கெஞ்சிக்கொண்டிருந்தேன்.
பெய்தது.
சம்பளம் ஏறியதைப் போல இருந்தது எனக்கு.
ஒரு மேரி பிஸ்கட், இரண்டாய் உடைத்து,
ஆளுக்குப் பாதி.

கதவைச் சுரண்டக் கற்றுக்கொண்ட அன்று
சிங்கப்பூருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.
அவளும் துடைத்துக்கொண்டிருந்தாளாம்,
பதினெட்டாவது மாடியில் யாருடைய தரையையோ.
நாய்க்குச் சொல்லிக் கொடுத்திட்டீங்க, என்றாள்.
மிச்சத்தைச் சொல்லவில்லை.

புதன்கிழமை விடியல்.
லுகேந்திரன் மெத்தையில்
பெரிய ஈரம், இன்னும் சூடு ஆறாமல்.
பனியனை முழங்கால்வரை இழுத்துப் பிடித்து
சுவரோடு நின்றான்.
மைலோப்பா, என்றான்.

மைலோ பின்கட்டுக் கூண்டில்.
பூட்டியது நான்.
சாவி என் இடுப்பில் தொங்கியது,
அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன வருடம், அவள் போன புதிதில்,
இதே ஈரத்துக்குக் காதைத் திருகியிருக்கிறேன்.
அதற்கப்புறம் அவன்
நனைந்த போர்வையைச் சுருட்டி
கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தான்.
ஒன்பது நாள் எனக்குத் தெரியாது.
வாசம்தான் சொன்னது.

ஆமா, மைலோதான், என்றேன்.
திருட்டுப் பய.

காடியில் பாதித் தண்ணீர் கலந்தேன்.
ஒரு முனையை அவன் பிடித்தான்,
மெத்தையை வேலியில் போட்டோம்.
அந்தப் பக்கம் காக் ரொஹானா
தன் துணிகளைக் கொஞ்சம் தள்ளி
வெயிலுக்கு இடம் விட்டார்.

கூண்டைத் திறந்தேன்.
நேராக லோங்காங் ஓரம் போய்
யோக்கியமாய்ப் பெய்துவிட்டு வந்து
என்னை அண்ணாந்து பார்த்தது.
அன்றைக்கு அதற்கு
முழு பிஸ்கட், இரண்டு.